கலாம் படித்த கல்லூரியின் ஜெர்மன் பேராசிரியர்... போர் விமானத்துக்கு 'அகலக் கால்' வைத்த குர்ட் டாங்க் யார்?

மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரும் பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? மரத்தில்தான் இருக்கும். உப்பு நீர் நிற்கும் பாத்திக்குள் இரும்பை இறக்கினால், கொஞ்ச நாளிலேயே துரு தின்றுவிடும். பாத்திக்குள் இறங்கவே வேண்டாம், அந்தக் கரையோரக் காற்றே போதும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பைக் சைலன்சர் என எதையும் அது விட்டு வைப்பதில்லை.

பழைய போர் விமானங்களைப் பாதுகாத்துப் பறக்க வைப்பவர்களுக்கும் இதே உப்புதான் பெரிய எதிரி. அது முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று, விமானத்தின் லேண்டிங் கியர். அதாவது, சக்கரங்களைத் தாங்கும் கால்கள். பல டன் எடை, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அத்தனையும் தரையைத் தொடும் அந்த ஒரு நொடியில் இரண்டு மூன்று கால்களில்தான் இறங்குகிறது. கால் ஒடிந்தால் கதை முடிந்தது.

இந்தக் கால்களைப் பற்றி மற்றவர்களைவிடக் கூடுதலாக யோசித்த ஒரு வடிவமைப்பாளர் இருந்தார். ஜெர்மனிக்காரர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனை மிரள வைத்த விமானத்தை உருவாக்கியவர். பிறகு இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டின் முதல் ஜெட் போர் விமானத்தை வடிவமைத்தவர். அப்துல் கலாம் தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் பெயர்பெற்ற பேராசிரியர்களில் ஒருவராக இவரையும் குறிப்பிடுகிறார். அவர்தான் குர்ட் டாங்க்.

யார் இந்த குர்ட் டாங்க்?

1898 பிப்ரவரி 24 அன்று, அப்போது ஜெர்மனியில் இருந்த புரோம்பெர்க் நகரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. முதல் உலகப் போர் வந்தபோது இளைஞர் டாங்க் சேர்ந்தது விமானப்படையில் இல்லை, குதிரைப்படையில். சேறு, பள்ளம், குளிர், பட்டினி என எல்லாவற்றிலும் குதிரையோடு கிடந்த அனுபவம் அது. பின்னாளில் அவர் வரைந்த விமானங்களில் எல்லாம் இந்த அனுபவம் இருந்தது.

போர் முடிந்ததும் பெர்லினில் பொறியியல் படித்தார். படிக்கும்போதே சக மாணவர்களோடு கிளைடர் கட்டிப் பறந்தார். ரோர்பாக் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, கடலில் இறங்கும் விமானங்களில் பணியாற்றினார். 1930-களின் தொடக்கத்தில் பிரெமன் நகரின் போக்கெ வுல்ஃப் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே வடிவமைப்புப் பிரிவின் தலைவரானார்.

இவரிடம் ஒரு தனிப் பழக்கம் உண்டு. தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்ப்பார். டிசைனரும் அவரே, டெஸ்ட் பைலட்டும் அவரே. தப்பு இருந்தால் முதலில் தன் உயிருக்குத்தான் ஆபத்து என்ற நிலையில் வேலை பார்த்தவர்.

1937-ல் பறந்த இவரது 'கோண்டோர்' பயணிகள் விமானம், அடுத்த ஆண்டே பெர்லினில் கிளம்பி எங்கும் இறங்காமல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 25 மணி. அன்றைக்கு அது உலகச் செய்தி.

பந்தயக் குதிரை வேண்டாம், படைக் குதிரை வேண்டும்

1937-ல் ஜெர்மன் விமானப்படை ஒரு புதிய போர் விமானம் கேட்டது. அப்போது ஜெர்மனியிடம் மெசர்ஷ்மிட் 109 இருந்தது. பிரிட்டனிடம் ஸ்பிட்ஃபயர் வந்துகொண்டிருந்தது. இரண்டுமே சிறிய உடலில் பெரிய இன்ஜினை வைத்த வேகமான விமானங்கள். டாங்க் பார்வையில் அவை பந்தயக் குதிரைகள். நல்ல மைதானத்தில் பறக்கும். கரடுமுரடான இடத்தில், அரைகுறைப் பயிற்சி பெற்ற வீரனிடம் கொடுத்தால் தடுமாறும்.

அவருக்கு வேண்டியது படைக் குதிரை. சேற்றில் இறங்கணும், அடி தாங்கணும், முன்களத்தில் இருக்கும் மெக்கானிக்கே பிரித்து மாட்டணும். இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் எஃப்.டபிள்யூ 190. 1939 ஜூன் 1 அன்று முதல் முறை பறந்தது.

'அகலக் கால்' என்றால் என்ன?

அகலக் கால் வைக்காதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். டாங்க் செய்தது நேர் எதிர்.

மெசர்ஷ்மிட் 109-ன் கால்கள் உடற்பகுதியோடு பொருத்தப்பட்டவை. இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கும், லாரியில் ஏற்ற வசதி. ஆனா இரண்டு சக்கரத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர்தான் இடைவெளி. பக்கவாட்டில் காற்று அடித்தாலோ, ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலோ விமானம் சாய்ந்துவிடும். எதிரியிடம் தப்பி வந்த பைலட்டுகள் பலர் சொந்த ரன்வேயில் விபத்தில் சிக்கினார்கள்.

டாங்க் கால்களை உடலில் இருந்து தள்ளி, இறக்கைக்குக் கொண்டு போனார். மேலே தூக்கும்போது கால்கள் உள்பக்கமாக மடியும். இறக்கி நிறுத்தினால் சக்கரங்களுக்கு இடையே சுமார் 3.5 மீட்டர். நாற்காலியின் கால்களைக் கொஞ்சம் விரித்து வைத்தால் ஆடாமல் நிற்கும் இல்லையா, அதே கணக்குதான்.

இன்னொன்றும் செய்தார். தேவைக்கு மேல் பலமான கால்களைக் கொடுத்தார். வருங்காலத்தில் துப்பாக்கி, குண்டு, கவசம் என எடை ஏறிக்கொண்டே போகும் என்று அவருக்குத் தெரியும். அப்படியே நடந்தது. எடை ஏறியும் அந்தக் கால்கள் தாங்கின.

கால்களைத் தூக்கவும் இறக்கவும் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களுக்குப் பதில் மின் மோட்டார் வைத்தார். குண்டு பட்டால் குழாயில் எண்ணெய் முழுக்க ஒழுகிவிடும், ஒயரில் அந்தப் பிரச்சினை குறைவு. சக்கரம் இறங்கிவிட்டதா என்று பைலட் சந்தேகப்பட்டால், இறக்கைக்கு மேலே பார்த்தால் போதும். கால் இறங்கியிருந்தால் ஒரு சிறு குச்சி அங்கே துருத்திக்கொண்டு நிற்கும். பல்பு எரியாவிட்டாலும் அந்தக் குச்சி பொய் சொல்லாது.

1941-ல் இந்த விமானம் வானத்துக்கு வந்தபோது பிரிட்டன் திணறியது. 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் பைலட் வழி தவறி, வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரி தளத்தைத் தங்கள் தளம் என்று நினைத்து அழகாக இறக்கினார். முழுசாக ஒரு விமானம் கையில் கிடைத்த பிறகுதான் பிரிட்டன் அதன் ரகசியங்களை அலசியது.

மறைக்கக் கூடாத பக்கம்

டாங்க் வேலை பார்த்தது ஹிட்லரின் அரசுக்கு. அவருடைய கோண்டோர் விமானத்தில் ஹிட்லர் பயணித்தார். அதே விமானத்தின் போர் வடிவம் அட்லாண்டிக்கில் கப்பல்களைத் தாக்கியது. போக்கெ வுல்ஃப் தொழிற்சாலைகளில் மற்ற நாடுகளில் இருந்து கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். 20,000-க்கு அருகில் கட்டப்பட்ட அந்த விமானங்களுக்குப் பின்னால் அவர்களின் வேதனையும் இருக்கிறது. டாங்க்கின் திறமையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அதே காலத்தில் நடந்த ஒரு சம்பவம், அவருக்குப் பாதுகாப்பு பற்றி ஒரு பாடமும் ஆனது. டி.ஏ 154 என்ற மரத்தாலான இரவுப் போர் விமானத்தை அவர் வடிவமைத்திருந்தார். மரப் பலகைகளை ஒட்டும் பசை தயாரித்த ஆலை பிரிட்டன் குண்டுவீச்சில் அழிந்தது. மாற்றாக வந்த பசை மரத்தையே அரித்தது. 1944-ல் விமானங்கள் விபத்தில் சிக்கின. போர் உச்சத்தில் இருந்தபோதும் டாங்க் உற்பத்தியை நிறுத்தினார். வரைபடத்தில் எல்லாம் சரி, தப்பு நடந்தது கண்ணுக்குத் தெரியாத பசையில்.

பெயரை மாற்றி அர்ஜென்டினாவுக்கு

போரில் ஜெர்மனி தோற்றதும், அங்கே விமானம் கட்டத் தடை வந்தது. 1947-ல் டாங்க் பெட்ரோ மத்தீஸ் என்ற போலிப் பெயரில் அர்ஜென்டினா போனார். அதிபர் பெரோன் ஆட்சி அவரை வரவேற்றது. கோர்டோபா நகரில் 'புல்கி 2' என்ற ஜெட் போர் விமானத்தை உருவாக்கினார். 1950 ஜூனில் அது முதல் முறை பறந்தது.

இரண்டாவது பயணத்திலேயே சிக்கல். இறங்கும் வேகம் அதிகம். தரையில் பலமாக மோதி எகிறியதில் லேண்டிங் கியர் சேதமானது. உலகின் உறுதியான கால்களை வடிவமைத்தவர் என்று பெயர் எடுத்தவரின் விமானத்துக்கே இந்த நிலை. கால்களில் திருத்தம் செய்தார், பிறகு தானே ஏறி ஓட்டிச் சோதித்தார்.

ஆனாலும் இழப்புகள் நிற்கவில்லை. 1951-ல் ஒரு அர்ஜென்டினா பைலட், 1952-ல் டாங்க்கின் நீண்ட காலச் சக பைலட் ஓட்டோ பேரென்ஸ் என இருவர் புல்கி விபத்துகளில் உயிரிழந்தனர். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்ததும் திட்டம் முடங்கியது, டாங்க் குழுவும் சிதறியது.

பெங்களூருவில் இறங்காத மூக்குச் சக்கரம்

அந்த நேரம் இந்தியா சொந்தமாக ஜெட் போர் விமானம் கட்ட வேண்டும் என்று பிரதமர் நேரு அரசு முடிவெடுத்திருந்தது. 1956-ல் டாங்க் பெங்களூருவின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்தார். ஜெர்மன் பொறியாளர்கள் சிலரும் உடன் வந்தனர். அன்றைய இந்தியாவில் இந்த அளவு விமானத்தை வடிவமைத்த அனுபவம் கொண்டவர்கள் மிகக் குறைவு. ஆட்களைப் பயிற்றுவிப்பதும், தொழிற்சாலையைத் தயார் செய்வதும், விமானத்தை வரைவதும் ஒரே நேரத்தில் நடந்தன.

நேரடியாக ஜெட் கட்டாமல், அதே அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்தார்கள். எக்ஸ் 241 என்று பெயர். இன்ஜின் கிடையாது. டகோட்டா விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விடும், அது மிதந்து இறங்கும். 1959-ல் தொடங்கி சுமார் 80 முறை பறந்தது. பிறகு ஒருநாள் இறங்கும்போது மூக்குச் சக்கரம் வெளியே வரவில்லை. முன்பகுதி தரையில் மோதி கிளைடர் பலமாகச் சேதமானது.

மீண்டும் லேண்டிங் கியர். ஆனா இந்த முறை விமானத்தில் இன்ஜின் இல்லை, எரிபொருள் இல்லை, வேகமும் குறைவு. ஜெட்டில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்தால், அந்த மரக் கிளைடர் செய்த உதவி புரியும்.

1961 ஜூன் 17 அன்று, இன்ஜின் பொருத்திய விமானம் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் கையில் மேலே எழுந்தது. எச்.எஃப் 24 மாருத். தமிழில் நாம் காற்றை மாருதம் என்கிறோமே, அதே சொல்தான்.

குரோம்பேட்டையில் நின்ற இரண்டு விமானங்கள்

சி.ராஜம் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி., அன்று நாட்டிலேயே விமானப் பொறியியல் கற்றுக்கொடுத்த மிகச் சில இடங்களில் ஒன்று. கல்லூரி வளாகத்தில் பறப்பதை நிறுத்திய இரண்டு பழைய விமானங்கள் நின்றன. ராமேஸ்வரத்தில் இருந்து வந்த மாணவர் கலாமை அந்த விமானங்கள்தான் ஈர்த்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் அருகே நேரம் கழித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்.

படிப்பு முடித்து கலாம் பயிற்சிக்குப் போன இடமும் டாங்க் வேலை பார்த்த அதே பெங்களூரு நிறுவனம்தான். பறக்காத விமானம் குப்பை இல்லை, அது திறந்து வைத்த பாடப்புத்தகம் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

மாருத் ஏன் தடுமாறியது?

உடல் உறுதி. இறக்கை நேர்த்தி. குறை இன்ஜினில். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் என்பது திட்டம். அதற்காக நம்பியிருந்த சக்திவாய்ந்த ஆர்ஃபியஸ் இன்ஜினை மேம்படுத்தும் வேலை பிரிட்டனில் கைவிடப்பட்டது. அதற்கான செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை. குறைந்த சக்தி கொண்ட இரண்டு இன்ஜின்களோடு மாருத் ஒலி வேகத்தைத் தொடவே சிரமப்பட்டது. எகிப்துடன் சேர்ந்து எடுத்த முயற்சியும் கைகூடவில்லை.

1970 ஜனவரி 10 அன்று, கூடுதல் சக்தி கொண்ட மாருத் வடிவத்தைச் சோதித்தபோது நடந்த விபத்தில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். மாருத்தை முதன்முதலில் வானுக்குக் கொண்டு போனவரே மாருத்தில் இறந்தது, இந்திய விமானத் துறைக்குப் பேரிழப்பு.

இருந்தும் 1971 போரில் மாருத் தன்னை நிரூபித்தது. ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலுக்குப் பயன்பட்டது. அடி வாங்கி ஒரே இன்ஜினோடு திரும்பி வந்து இறங்கிய விமானங்களும் உண்டு. படைக் குதிரை என்ற டாங்க்கின் எண்ணம் தார் பாலைவனத்தில் பலித்தது. மொத்தம் 147 மாருத்கள் கட்டப்பட்டன. 1980-களில் அவை படிப்படியாக ஓய்வு பெற்றன.

டாங்க் ஜெர்மனி திரும்பி ஆலோசகராக இருந்தார். 1983 ஜூன் 5 அன்று மியூனிக்கில் காலமானார். வயது 85.

அவர் விமானங்கள் இப்போது எங்கே?

பெங்களூருவின் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும், எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் மாருத்தைப் பார்க்கலாம். மியூனிக் அருகே ஒரு ஜெர்மன் அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது.

எஃப்.டபிள்யூ 190 கதை இன்னும் சுவாரசியம். 1943-ல் லெனின்கிராட் அருகே காட்டில் விழுந்த ஒரு விமானம், மரங்களுக்கு நடுவே 40 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1980-களின் கடைசியில் கண்டுபிடித்து வெளியே எடுத்தார்கள். பல ஆண்டுகள் சீரமைத்து 2010-ல் அமெரிக்காவில் மீண்டும் பறக்க விட்டார்கள்.

பழைய விமானம் பறக்கும் முன் காலில் என்ன பார்ப்பார்கள்?

முதலில் விமானத்தை ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். சக்கரம் தரையைத் தொடாத நிலையில் கால்களை மேலே மடக்கி, கீழே இறக்கி, திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். மேலே போனதும் பூட்டு விழுகிறதா? கீழே வந்ததும் பூட்டு விழுகிறதா? மூடிக் கதவுகள் சரியான வரிசையில் திறக்கின்றனவா? அவசரத்துக்கு இறக்கும் மாற்று வழி வேலை செய்கிறதா? இத்தனைக்கும் 'ஆம்' வந்தால்தான் அடுத்த கட்டம்.

அடுத்தது, அதிர்ச்சி தாங்கும் தண்டு. உள்ளே எண்ணெயும் அழுத்தமான வாயுவும் இருக்கும். வெளியே தெரியும் பளபளப்பான பகுதியின் நீளத்தை அளந்தாலே உள்ளே அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று தெரியும். அந்தப் பளபளப்பில் சின்னத் துருப்புள்ளி இருந்தாலும் விடமாட்டார்கள். மேலும் கீழும் போகும்போது அது ரப்பர் சீலைக் கிழித்துவிடும்.

மூன்றாவது, விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க நிறத் திரவத்தைத் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி போடுவார்கள். விரிசலுக்குள் போன நிறம் கோடாக வெளியே வரும். இரும்புப் பாகங்களுக்கு காந்தமேற்றி, இரும்புத் துகள் தூவிப் பார்க்கும் முறையும் உண்டு.

ஓடாமல் நின்றாலும் ரப்பர் குழாயும் டயரும் வெடித்துப் போகும். மெக்னீசியம் கலந்த பழைய சக்கரங்களை ஈரம் சீக்கிரம் அரிக்கும். ஒருமுறை பலமாக மோதி இறங்கினால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் முழுச் சோதனை கட்டாயம்.

உப்பு செய்யும் வேலை

மரக்காணம் காற்றுக்கு இங்கேதான் தொடர்பு. லேண்டிங் கியர் மிக உறுதியான எஃகில் செய்யப்படுவது. அதன் மேல் பாதுகாப்புப் பூச்சு இருக்கும். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், உப்பு ஈரம் அதன் வழியே உள்ளே போய் ஊசிமுனை அளவு குழி போடும். சாதாரண கேட்டில் அந்தக் குழி ஒரு பிரச்சினையே இல்லை. எப்போதும் எடை தாங்கி நிற்கும் உறுதியான எஃகில் அந்தக் குழியில் இருந்து விரிசல் கிளம்பும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்க, உள்ளே விரிசல் வளரும். ஒருநாள் இறங்கும்போது கால் ஒடியும்.

அதனால்தான் கடலோரத் தளங்களில் விமானங்களை நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள், கிரீஸை அடிக்கடி மாற்றுகிறார்கள், பூச்சில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுகிறார்கள்.

பார்க்காமல் பறக்காதே

டாங்க்கின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பிரெமனில் உலகின் உறுதியான கால்களைக் கொடுத்தவர் அவர். அர்ஜென்டினாவில் அவருடைய விமானத்தின் கால் அடி வாங்கியது. பெங்களூருவில் சக்கரம் இறங்கவே இல்லை. நல்ல வடிவமைப்பு பாதி வேலைதான். ஒவ்வொரு முறையும் குனிந்து, டார்ச் அடித்துப் பார்க்கும் மெக்கானிக்தான் மீதிப் பாதி.

அடுத்த முறை அருங்காட்சியகத்தில் பழைய போர் விமானத்தைப் பார்த்தால், இறக்கையை மட்டும் பார்த்து செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து, கால்களையும் பாருங்கள். எத்தனையோ பைலட்டுகள் வீடு திரும்பியது அந்தக் கால்களை நம்பித்தான்.